யாரும் சொல்லாத பத்தியம்

ஹனோவர்
4.10.2024

உருத்திரா,

‘அன்புள்ள’ என்று போடவில்லை. மறந்து விடவில்லை, யோசித்துத்தான் விட்டேன்.

உன் நம்பரைப் போனில் அடைத்துவிட்டேன். உன் மகளின் போனில் எடுத்துப் பேசலாம் என்று நினைக்காதே; உன் குரல் கேட்ட உடனே வைத்துவிடுவேன். இருபத்தொரு வருஷமாக இந்த ஊரில் வீடு வீடாகக் கடிதம் போடுகிறவள் நான். எனக்குச் சொல்ல ஏதும் இருந்தால் நீயும் கடிதத்தில் சொல்லு. போன் என்றால் இடையில் “ஹலோ ஹலோ, லைன் கிளியர் இல்லை அக்கா” என்று நழுவிவிடுவாய். கூடப் பிறந்தவளுக்கு உன்னைத் தெரியாதா?

கால் விஷயம் கேள். இடது குதிக்கால் எலும்பு நொறுங்கிப் போய்விட்டது. வீக்கம் இறங்கும்வரை பதினொரு நாள் கிடக்க வைத்து, செப்டெம்பர் பதினெட்டாம் திகதிதான் வெட்டித் தகடு வைத்து ஒன்பது ஆணி இறுக்கினார்கள். கால் நிலத்தில் முட்டக் கூடாது. இரத்தம் கட்டாமல் இருக்க ஒவ்வொரு நாளும் வயிற்றில் ஊசி, அதை நானே குத்துகிறேன். வீடு மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. படியில் இருந்து இருந்து அரக்கி இறங்குகிறேன். நேற்றுக் கீழ்வீட்டுக்காரி கண்டுவிட்டு, “ஸ்போர்ட் செய்யிறியளோ?” என்று கேட்டாள். வாயில் வந்ததைச் சொல்லவில்லை.

ஒரு நாளைக்குப் பதினாலு கிலோமீற்றர் நடந்தவளைக் கட்டிலில் போட்டால் என்ன ஆகும்? விசர்தான் ஆகும். என் றூட்டை இப்போது வேறொருத்தி செய்கிறாள். இருபத்துமூன்றாம் நம்பர் வீட்டுப் பெட்டியைக் கீழே அமத்தித் திறக்க வேண்டும், அது அவளுக்குத் தெரியுமோ தெரியாது. மார்ச் முப்பத்தொன்றில் கம்பனி டொக்டர் என்னை நடக்கவிட்டுப் பார்ப்பார். நடக்க ஏலாவிட்டால் றூட் போய்விடும். கடித மூட்டை பிரிக்கிற ஹாலில் கதிரை போட்டு இருத்துவார்கள். அத்தானும் போன பிறகு எனக்கென்று இருந்தது அந்தத் தெருக்கள் மட்டும்தான்.

உன் மகள் தர்மிகாவின் கலியாணத்தன்று மணவறையின் ஒரு பக்கப் பூமாலை சரிந்து கிடந்தது. பூ அலங்காரம் செய்த சோடினைக்காரர் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் ஏறினேன், நீ ஏணியைப் பிடித்தாய், பிறகு விட்டாய். என் கோபம் அதற்கில்லை. மனிசனுக்குக் கவனம் பிசகும். நான் நிலத்தில் கிடக்க, வாசலில் வந்து நின்ற மாப்பிள்ளை வீட்டாருக்கு நீ ஒரு வசனம் சொன்னாய். அது எனக்குக் கேட்டது. அந்த வசனத்தை உன் கையால் எழுதி அனுப்பு, ஏன் சொன்னாய் என்றும் எழுது. அதுவரைக்கும் என் நம்பர் உனக்குத் திறக்காது.

மங்கையற்கரசி


மியூனிக்
15.10.2024

பாசத்துக்குரிய அக்காவுக்கு,

உங்கள் தம்பி உருத்திரமூர்த்தி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம். நீங்களும் விரைவில் பூரண சுகம் பெற அம்பாளை மன்றாடுகிறோம்.

கடிதம் எழுதிப் பழக்கம் விட்டுப் போனதால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேலை இடத்துக் குசினியில், பிரேக் நேரத்தில், அரிசி மூட்டையில் தாளை வைத்து எழுதுகிறேன். அடுப்படியில் சமையல்காரன் கத்திக்கொண்டு நிற்கிறான்.

அக்கா, அன்றைக்கு எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. ஐயருக்குத் தேங்காய் காணாது, படம் பிடிக்கிறவன் பிந்திவிட்டான், மாப்பிள்ளை வீட்டார் அரை மணித்தியாலம் முந்தி வந்துவிட்டார்கள். அவர்கள் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் என்றாலும் எங்கள் முறைப்படியே எல்லாம் செய்யச் சம்மதித்தவர்கள். அவர்கள் முன்னால் ஒரு குறை வந்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் என் எண்ணம். நீங்களும் அவ்வளவு எட்டிக் கட்டியிருக்கத் தேவையில்லை. குற்றமாகச் சொல்லவில்லை.

நான் என்ன வசனம் சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. சத்தியமாக.

ஊரிலிருந்து வந்த நோவெண்ணெய் ஒரு போத்தல் அனுப்புகிறேன். காயத்தில் படாமல் முழங்காலில் மட்டும் பூசுங்கள். தர்மிகா உங்களை நினைத்துக் கவலைப்படுகிறாள். சம்பந்தி பிளோறன்ஸ் அக்காவும் சுகம் விசாரித்தா. லீவு எடுத்துக்கொண்டு நான் ஒருக்கால் வரட்டோ?

அன்புத் தம்பி
உருத்திரமூர்த்தி


ஹனோவர்
9.11.2024

உருத்திரா,

எண்ணெய் வந்தது. ‘ஞாபகமில்லை’யும் வந்தது. எண்ணெயை வைத்துக்கொண்டேன். நீ வர வேண்டாம்.

இனி ஒரு புதினம் சொல்கிறேன், உனக்கு என்றில்லை, யாருக்காவது சொல்லாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. என் றூட்டில் ஒரு வீட்டின் கீழ்த்தட்டில் கொரிய வைத்தியம் செய்கிறவ ஒருத்தி இருக்கிறா. பெயர் ஹான். அவவின் தாய் எழுபத்தோராம் ஆண்டு கொரியாவிலிருந்து இங்கே ஆஸ்பத்திரித் தாதியாக வந்தவ. பதினாறு வருஷம் அந்தப் பெட்டிக்குள் கடிதம் போட்டிருக்கிறேன், ஒருநாளும் உள்ளே போனதில்லை. போன மாதம் ஊன்றுகோலோடு கடைக்குப் போகையில் என்னைக் கண்டுவிட்டா. “கடிதக்கார அம்மா, உங்களுக்கு என்ன நடந்தது? ஏன் வேற ஆள் வாறா எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான்” என்று நடுத்தெருவில் குந்தியிருந்து என் காலைப் பார்த்தா. அடுத்த நாளே வந்து காட்ட டெர்மின் தந்தா.

காயம் இடக்காலில், அவ ஊசி குத்தினது வலக்கையில்! “பிள்ளை, கால் கீழை கிடக்கு” என்று சொல்ல வாயெடுத்தேன். அவர்கள் முறையில் நோவுக்கு எதிர்ப்பக்கத்தில்தான் குத்துவார்களாம். பிறகு ஏதோ ஒரு காய்ந்த இலையைச் சின்ன உருண்டையாக உருட்டி, வயிற்றிலும் வலது முழங்காலுக்குக் கீழேயும் வைத்துக் கொளுத்துகிறா. காயத்துக்குக் கிட்டவும் கொண்டு போகமாட்டா. அந்த மணத்தில் அரை மணித்தியாலம் நான் அசையாமல் கிடக்கிறேன். இந்த ரெண்டு மாதத்தில் நான் அசையாமல் கிடந்தது அங்கே மட்டும்தான். முதல் நாள் வீட்டுக்கு வந்து ஆறு மணித்தியாலம் நித்திரை கொண்டேன்.

ஆள் கெட்டிக்காரி. முதல் வேலையாக, ஒப்பரேஷன் செய்த டொக்டரின் கடிதத்தை வாங்கிப் படித்தா. “எலும்பை அவர் பார்க்கட்டும். நான் வீக்கத்தையும் நித்திரையையும் பார்க்கிறன்” என்றா. வயிற்று ஊசி முடியுமட்டும் கசாயம் தரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டா, இரத்தம் கூட இளகிவிடுமாம். ஊசி போன கிழமை முடிந்தது. மூலிகைகளின் பெயரை டொக்டருக்கு எழுதி அனுப்பி, அவர் ஓம் என்ற பிறகுதான் தந்தா. அடைத்த பைக்கற்றுகளில் வருகிறது. காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, சுடுதண்ணீரில் வைத்துக் குடிக்க வேண்டும். அம்மாடி, என்ன கைப்பு!

ஒரே ஒரு விஷயம். கசாயத்துக்கு என்ன பத்தியம் என்று அவ சொல்லவில்லை. கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. கசாயத்தில் வளர்ந்த சனத்துக்கு இதுகூடத் தெரியாதோ என்று நினைப்பா. உன் கை முறிந்தபோது முறிவு வைத்தியர் சொல்லி அம்மா காத்த பத்தியம் இருக்கிறதே, அதை எழுது. அதாவது ஞாபகமிருக்கும் என்று நம்புகிறேன்.

மங்கை


மியூனிக்
17.11.2024

பாசத்துக்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டு எழுதினது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை.

பத்தியம் அச்சொட்டாக ஞாபகம் இருக்கிறது. எனக்குப் பன்னிரண்டு வயசு, பூவரச மரத்தால் விழுந்து கை முறிந்தது. வைத்தியர் பற்றுப் போட்டு, மட்டை வைத்துக் கட்டி, கசாயமும் தந்து, புண்ணைக் கிளப்புகிற கிரந்திச் சாப்பாடு ஒன்றும் கிட்டவும் வரக் கூடாது என்றார். முட்டை கூடாது. இறால், நண்டு, கணவாய் கூடவே கூடாது. கத்தரிக்காய், தக்காளி கூடாது. கோழி சூடு. நாற்பத்தொரு நாள் அம்மா எனக்குச் சோறும் பயற்றங்காய்த் தண்ணிக்கறியும்தான் தந்தா. இங்கே கைவைத்தியம் தெரிந்த யோகம் மாமியிடமும் கேட்டேன். அவ மீனையும் விடச் சொன்னா, பாலும் தயிரும் சளி என்றா, பருப்பும் வாய்வாம். எதற்கும் அதையும் சேர்த்து விட்டுவிடுங்கள் அக்கா. கசாயம் என்றால் கசாயம்தான், கொரியா என்ன, எங்கள் ஊர்க் கொக்குவில் என்ன? பத்தியம் தப்பினால் மருந்தே விஷம்.

ஒருநாளும் தவற விடாதீர்கள். வாய் கட்டினால்தான் காயம் கட்டும்.

மற்ற விஷயம் பிறகு எழுதுகிறேன். பிரேக் முடிந்துவிட்டது.

அன்புத் தம்பி
உருத்திரமூர்த்தி


ஹனோவர்
20.12.2024

உருத்திரா,

காயம் திறந்துவிட்டது.

குதிக்காலின் வெளிப்பக்கம் ‘ட’ மாதிரி வெட்டித் தைத்திருந்தார்கள். அந்த மூலை முதலிலிருந்தே சுணங்கித்தான் ஆறியது. போன கிழமை அதில் ஈரம் கண்டது. இப்போது விரல் நுனி போகிற அளவுக்குப் பிளந்து கிடக்கிறது. உள்ளே தகடு வரைக்கும் கிருமி போனால் தகட்டைக் கழற்ற வேண்டி வரும் என்று டொக்டர் சொன்னார். கழற்றினால் மார்ச்சும் இல்லை, றூட்டும் இல்லை.

எட்டுக் கிலோ இறங்கியிருக்கிறேன். இரத்தத்தில் புரதம் காணாதாம். டொக்டர் என்னைப் பார்த்து, “வீட்டிலை சாப்பிட ஏதும் இருக்கோ?” என்று கேட்டார். அகதியாக வந்து முகாமில் இருந்த காலத்தில்கூட ஒருத்தரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. எனக்குத் தலை நிமிரவில்லை.

அங்கேயிருந்து நேரே ஹானிடம் போனேன். நாடியைப் பிடித்தா, முகத்தைப் பார்த்தா. “என்ன சாப்பிடுறியள்?” என்றா. சொன்னேன்.

“முட்டை வேண்டாமெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

“நீங்கள்தானே கசாயம் தந்தனீங்கள்.”

“கசாயம் தந்தன். முட்டையைப் பறிச்சனானோ?”

அவ்வளவு கோபமாக அவவை நான் கண்டதில்லை. தான் தந்த தாளை எடுத்து என் முன்னால் வைத்தா. சாப்பாட்டைப் பற்றி அதில் ஒரே ஒரு வரி, குடிவகை வேண்டாம் என்று. அவ்வளவுதான். எலும்பும் காயமும் ஆற முட்டை, மீன், கோழி எல்லாம் வேண்டும் என்று டொக்டருடைய தாளிலும் இருந்ததாம், நான் திருப்பியும் பார்க்கவில்லை. காயம் மூடுமட்டும் கசாயம் இல்லை, ஊசி இல்லை, முதலில் ஆஸ்பத்திரி என்று சொல்லி, காயம் பார்க்கிற இடத்துக்குத் தானே போன் எடுத்து அன்றைக்கே இடம் பிடித்தா. பின்னேரம் ஒரு சட்டியோடு மூன்று மாடியும் ஏறி வந்தா. முழுக் கோழி, அதன் வயிற்றுக்குள் சோறு. முன்னால் இருந்து, நான் முடிக்குமட்டும் எழும்பவில்லை.

உன்னைத் திட்டி மூன்று தாள் எழுதினேன். எழுதிவிட்டுக் கிழித்தேன். கேட்டது நான். பக்கத்தில் இருந்தவவிடம் கேட்க வெட்கப்பட்டதும் நான். எப்போதோ ஒரு வைத்தியர் உன் கைக்குப் போட்ட பத்தியத்தை ஹனோவரில் இருந்து என் காலுக்குக் காத்தவளும் நான்தான். சொல்லாத பத்தியத்துக்குப் பட்டினி கிடந்த விசரி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆனால் நீ தப்பிவிட்டாய் என்று நினைக்காதே. நத்தார்ப் பண்டிகைக்குப் பிளோறன்ஸ் எனக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பியிருக்கிறா. நல்ல எழுத்து. என் காலுக்காகவும், ‘அன்று அதே மண்டபத்தில் விழுந்த அந்தச் சோடினைக்காரப் பெண்ணுக்காகவும்’ ஞாயிறு தவறாமல் பூசையில் வேண்டுகிறாவாம். ஒரே நாளில் ரெண்டு பேரை விழுத்தின மண்டபத்துக்காரன் மேல் வழக்குப் போட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறா.

வாசித்துவிட்டுச் சிரித்தேன். வயிறு நோகச் சிரித்தேன். பிறகு நான் அழுதது உனக்குத் தேவையில்லாத விஷயம்.

அந்த அட்டைக்கு நான் பதில் எழுத மாட்டேன். நீ எழுது.

மங்கை


மியூனிக்
2.1.2025

அக்கா,

“ஒண்டுமில்லை, சோடினைக்கு வந்த ஆள் விழுந்திட்டா. நீங்கள் உள்ளை வாங்கோ.”

இதுதான் அந்த வசனம். எனக்கு ஒருநாளும் மறக்கவில்லை. ஞாபகமில்லை என்று சத்தியம் செய்தது பொய்.

ஏன் என்று கேட்டீர்கள். நீங்கள் ஏணியில் நிற்க, வாசலில் கார் வந்து நின்றது. அத்தான் செத்து ஒன்பது வருஷம். புருஷன் இல்லாதவ மணவறையில் பூக்கட்டுகிறா, அதுவும் கலியாணப் பொம்பிளையின் மாமி என்று அவர்கள் கண்டால் என்ன நினைப்பார்களோ என்று எனக்குப் பதகளித்தது. “அக்கா, அவையள் வந்திட்டினம், கெதியா இறங்குங்கோ” என்று சொன்னது நான்தான். சொல்லிக்கொண்டே கையை எடுத்தேன். உங்களோடு நிற்கிற ஆள் இல்லை என்று காட்ட ரெண்டடி தள்ளியும் நின்றேன். நீங்கள் அவசரத்தில் திரும்பினீர்கள். ஏணி சரிவதைக் கண்டேன். ஓடி வந்து பிடித்திருக்கலாம். நான் வாசலைப் பார்த்தேன் அக்கா.

குசினி வழியாக உங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் அவர்களுக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டு நின்றேன்.

நானும் மனைவியும் ரெண்டு ரெண்டு வேலை செய்த காலத்தில் தர்மிகாவை ஆறு மாதம் ஹனோவரில் வைத்துப் பள்ளிக்கூடம் அனுப்பினது நீங்கள். அவளின் கூறையைத் தெரிவு செய்ததும் நீங்கள். அவர்களில் ஒருத்தரும், ஒரு வார்த்தை, ‘உங்கள் அக்கா மணவறைக்குக் கிட்ட வரக் கூடாது’ என்று சொல்லவில்லை. ஐயரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன்.

பத்தியத்துக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. காயம் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி மட்டும் போடுங்கள்.

உருத்திரன்


மியூனிக்
23.2.2025

அக்கா,

ஏழு கிழமையாக உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. தபால்பெட்டியைக் காலையில் ஒருக்கால், வேலையால் வந்து ஒருக்கால் திறக்கிறேன். ஞாயிறு தபால் இல்லை என்று தெரிந்தும் இன்றைக்குத் திறந்தேன். தகட்டைக் கழற்றினார்களோ, கால் இருக்கிறதோ என்று கேட்கப் பயமாக இருக்கிறது. தர்மிகாவிடம் கேட்டால் “மாமியிட்டையே கேளுங்கோ” என்கிறாள்.

இன்றைக்குப் பகல் சம்பந்தி வீட்டில் சாப்பாடு. பிளோறன்ஸ் அக்காவுக்கும் தர்மிகாவுக்கும் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டு ஒளிப்பேன் என்று பயந்து நேரே சொன்னேன்.

பிளோறன்ஸ் அக்கா கரண்டியைக் கீழே வைத்தா. “சொந்த அக்காவையோ?” என்று கேட்டா. நான் ஓம் என்றேன். பிறகு, “அண்டைக்கு எங்கட பக்கத்தாலை கூறைத்தட்டு ஏந்தி வந்தது என்ர தமக்கை. அவவுக்கும் புருஷன் இல்லை. அவவின்ர கையாலை நீங்கள் சிரிச்சுக்கொண்டு வாங்கினனீங்கள்” என்றா.

எனக்குத் தெரியாது அக்கா. கேட்கவும் தோன்றவில்லை.

தர்மிகா எழும்பி வெளியே போய்விட்டாள். கோட்டும் போடாமல். இவ்வளவு நேரமாகப் போன் எடுக்கிறேன், எடுக்கிறாளில்லை.

உருத்திரன்


ஹனோவர்
2.4.2025

தம்பி உருத்திரா,

உன்னைத் தண்டிப்பதற்காகப் பேசாமல் இருக்கவில்லை. ஜனவரியில் மூன்று கிழமை ஆஸ்பத்திரி. காயத்தைச் சுத்தம் செய்து, ஒரு சின்ன மெஷினை மாட்டி உள்ளே இருந்ததையெல்லாம் உறிஞ்சினார்கள். தகடு தப்பிவிட்டது. பெப்ரவரி கடைசியில்தான் தோல் மூடியது. மீனும் முட்டையும் தின்று தின்று எனக்குச் செட்டை முளைக்காத குறை. பிறகு பிசியோவோடு சேர்த்து ஹானிடமும் திரும்பப் போகிறேன். அவ பொய் சொல்லமாட்டா. “நேரை நடப்பியள். பக்கவாட்டிலை இந்தக் குதிக்கால் முந்தி மாதிரித் திரும்பாது, என்ர ஊசியாலும் திரும்பாது” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டா. அப்படிச் சொன்னதால்தான் அவ சொன்ன மற்றதையும் நம்புகிறேன்.

முந்தாநாள் கம்பனி டொக்டர் என்னை நீள நடக்கவிட்டார், படி ஏறவிட்டார், ஒற்றைக் காலில் நிற்கவிட்டார். நின்றேன். இப்போதைக்குப் பாதி றூட், மூன்று மாதத்தில் திரும்பப் பார்ப்பாராம். நேற்றுத்தான் வேலைக்கு முதல் நாள். கல் பதித்த தெருவில் ஒவ்வொரு கல்லும் குதிக்காலில் தெரிந்தது. நாற்பதாம் நம்பர் தாண்டக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நோவிலா சந்தோஷத்திலா என்று தெரியவில்லை. ஹானின் வீட்டில் கடிதத்தைப் பெட்டியில் போடாமல் மணி அடித்தேன். கதவைத் திறந்தவ என் முகத்தைப் பார்க்க முதல் சப்பாத்தைப் பார்த்தா.

தர்மிகா போன மாதம் வந்து மூன்று நாள் நின்றாள். பிளோறன்ஸும் வந்தவ. மீன் கட்லட் கொண்டு வந்தா. வந்ததும் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றா. உன்னைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை. கடைசி நாள் நான்தான் கதைத்தேன். அப்பாவின் போனை எடு என்று தர்மிகாவுக்குச் சொல்லியிருக்கிறேன். எடுப்பாள். கொஞ்சம் திட்டுவாள், வாங்கிக்கொள்.

கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன், பொய் எழுதி உனக்கு ஆறுதல் தர எனக்கு விருப்பமில்லை. காலையில் கட்டிலால் இறங்கி முதல் பத்தடிக்கு இந்தக் கால் உயிர் போக நோகும், பிறகு நடக்க நடக்கக் குறையும். உன் மேல் கோபமும் இப்போது அந்த அளவில்தான் இருக்கிறது. ஏணியால் விழுந்ததை நான் எப்போதோ விட்டுவிட்டேன். சோடினைக்கு வந்த ஆள் என்ற சொல்தான் இன்னும் காதுக்குள் நிற்கிறது.

உன் நம்பரை இன்றைக்குத் திறந்துவிட்டேன். உடனே எடுக்காதே. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் எடு, வேலை முடிந்து நாலு மணிக்கு இருப்பேன். வீட்டிலிருந்து எடுக்க வேண்டாம், வேலை இடத்திலிருந்து எடு, குசினிக்குள் எல்லோரும் நிற்கிற நேரத்தில். ஆரோடு கதைக்கிறாய் என்று அவர்கள் கட்டாயம் கேட்பார்கள். என்ர அக்கா என்று சொல்லு. எனக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லு.

அக்கா